கீப்பர் வேலை காலி இல்லை! "லீவ் வேகன்சி"யில் 18 வருடம் ஓட்டிய தினேஷ் கார்த்திக்

நாகர்கோவில்:-

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நீண்ட லீவு போட்டால் அந்த இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரை வைப்பார்கள். இதற்கு "லீவ் வேகன்சி" என்று பெயர். நிரந்தர வாத்தியார் திரும்பி வந்த மறுநாளே தற்காலிகக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்திய கிரிக்கெட் அணியில் இப்படி லீவ் வேகன்சியிலேயே 18 வருடம் காலம் தள்ளியவர் ஒருவர் உண்டு. அவர்தான் சென்னைக்காரரான தினேஷ் கார்த்திக். விக்கெட் கீப்பர்.

2024-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி, தன்னுடைய 39-வது பிறந்த நாளில், அவர் ஓய்வை அறிவித்தார். 26 டெஸ்ட், 94 ஒருநாள் போட்டி, 60 இருபது ஓவர் போட்டி. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் கதை பெரிது.

ஒரு நாளைக்கு 540 தோப்புக்கரணம்

கீப்பர் வேலை என்பது லேசுப்பட்டது அல்ல. டெஸ்ட் போட்டியில் ஒரு நாளைக்கு 90 ஓவர். அதாவது 540 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டும். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறவர்கள்கூட மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்!

பந்து வீசுகிறவன் களைத்தால் ஓரமாகப் போய் நிற்கலாம். பேட் பிடிக்கிறவன் அவுட் ஆனால் பெவிலியனில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். கீப்பருக்கு இரண்டும் கிடையாது. நூறு பந்தை ஒழுங்காகப் பிடித்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்றை விட்டால் போதும், ஊரே திட்டும்.

அமெரிக்காக்காரர்கள் ஆடும் பேஸ்பாலிலும் இதே மாதிரி ஒரு ஆள் உண்டு. "கேட்சர்" என்பார்கள். முகத்துக்கு இரும்புக் கம்பி, நெஞ்சுக்குக் கவசம், கையில் பெரிய தோல் கையுறை. பேட்டுக்காரன் முதுகுக்குப் பின்னால் குந்தியே அவர் காலமும் கழிகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒரு அணியில் பேட்ஸ்மேன் ஆறு பேருக்கு இடம் உண்டு, பந்து வீச நான்கைந்து பேருக்கு இடம் உண்டு. கீப்பருக்கு ஒரே ஒரு இடம். அதில் ஒருவர் நன்றாக உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் பாடு திண்டாட்டம்.

இது இன்று நேற்று நடப்பது அல்ல. கிர்மானி 1971-ல் பரூக் என்ஜினீயருக்குப் பின்னால் மாற்று ஆளாக இங்கிலாந்து போய், முதல் டெஸ்ட் ஆட 1976 வரை காத்துக்கிடந்தார். 1979-ல் அதே கிர்மானியைக் கழற்றிவிட்டு சென்னை பரத் ரெட்டியை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நான்கு டெஸ்ட்டிலும் அவர்தான் கீப்பர். ஊர் திரும்பியதும் கிர்மானி மறுபடி வந்தார். பரத் ரெட்டிக்கு அதன் பிறகு டெஸ்ட்டே இல்லை.

லார்ட்சில் ஒரு பாய்ச்சல்

தினேஷ் கார்த்திக் 1985-ல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தையும் சென்னையில் முதல் டிவிஷன் ஆடியவர். படிப்புதான் முக்கியம் என்று வீட்டில் சொன்னதால் ஆட்டத்தை விட்டவர். மகனுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று சின்ன வயதிலேயே கெட்டிப் பந்தை வேகமாக எறிந்து எறிந்து பழக்கினார்.

பலன் இருந்தது. 17 வயதில் தமிழ்நாடு அணி. 19 வயதில் இந்திய அணி.

2004-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் ஒருநாள் போட்டி. இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வாகன் 74 ரன் அடித்து ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தார். ஹர்பஜன்சிங் பந்துக்கு இறங்கி வந்தார். பந்து காலுக்கு வெளியே போனது. பையன் ஒரே பாய்ச்சல்! எட்டிப் பிடித்து ஸ்டம்பைத் தட்டிவிட்டான். வாகன் அவுட். இந்தியா 23 ரன்னில் ஜெயித்தது.

நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட்டும் ஆடிவிட்டார். கீப்பர் நாற்காலி நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ராஞ்சியிலிருந்து வந்தவர்

அதே வருடம் டிசம்பர் 23-ந்தேதி சிட்டகாங்கில் நீளமுடி வைத்த ஒருவர் ஒருநாள் போட்டியில் அறிமுகம் ஆனார். முதல் பந்திலேயே ரன் அவுட். ரன் பூஜ்யம். பெயர் மகேந்திரசிங் டோனி.

அடுத்த ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அந்த டோனி 148 ரன் விளாசினார். கதை முடிந்தது. இத்தனைக்கும் அதற்கு முந்தின மாதம்தான் கொல்கத்தா டெஸ்ட்டில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக கார்த்திக் 93 ரன் எடுத்து வெற்றிக்குத் தோள் கொடுத்திருந்தார்!

பத்து டெஸ்ட் ஆனதும் அந்த இடமும் பறிபோனது. டோனி முதல் டெஸ்ட் ஆடியது எங்கே தெரியுமா? 2005 டிசம்பர் 2-ந்தேதி, சென்னை சேப்பாக்கத்தில்! கார்த்திக்கின் சொந்த மைதானத்தில்! விதி என்று சொல்வதா, வேறு என்ன சொல்வது?

இதில் டோனி மீது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஆட்டக்காரர் நாட்டுக்கு அடிக்கடி கிடைக்க மாட்டார். ஆனால் கார்த்திக் மட்டும் அல்ல, அந்தக் காலத்தில் கையுறை மாட்டிய அத்தனை பேரும் டோனிக்கு அடுத்த வரிசையில்தான் நின்றார்கள். பார்த்தீவ் பட்டேல், சகா எல்லோருக்கும் அதே பாடுதான்.

கையுறை இல்லாவிட்டால் பேட்!

மற்றவர்களைவிட கார்த்திக் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர். கீப்பர் வேலை இல்லையென்றால் வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

2006 டிசம்பர் 1-ந்தேதி ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியாவின் முதல் இருபது ஓவர் சர்வதேச போட்டி. அதில் ஆட்ட நாயகன் கார்த்திக். அடுத்த மாதம் கேப்டவுனில் டோனிக்குக் காயம். உடனே லீவ் வேகன்சி! தொடக்க ஆட்டக்காரராகவும் இறங்கி 63 ரன் எடுத்தார்.

2007-ல் இங்கிலாந்து சுற்றுப்பயணம். தெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமண் என்று மலை மலையாக ஆட்கள். மூன்று டெஸ்ட் முடிந்து கணக்குப் பார்த்தால் இந்தியா தரப்பில் அதிக ரன் கார்த்திக்! 263 ரன். 1986-க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் இந்தியா தொடரை வென்றது அப்போதுதான்.

இவ்வளவு செய்தும் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரியில் ஒரு டெஸ்ட். அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில்! நடுவில் இந்தியா 87 டெஸ்ட் ஆடி முடித்திருந்தது. அதுவரை இவ்வளவு பெரிய இடைவெளி விட்டு வந்த இந்தியர் வேறு யாரும் இருந்ததில்லை. டோனி 2014 கடைசியிலேயே டெஸ்ட்டிலிருந்து விலகிவிட்டார். அப்போதும் நாற்காலி சகாவுக்குப் போனது. சகாவுக்குக் காயம் என்றதும்தான் கார்த்திக்குக் கூப்பாடு வந்தது.

அதுவும் மூன்றே டெஸ்ட். கடைசி டெஸ்ட் லார்ட்சில். எந்த மைதானத்தில் பாய்ந்து பெயர் வாங்கினாரோ அங்கேயே 1 ரன்னும் பூஜ்யமும் எடுத்து வெளியேறினார். அடுத்த டெஸ்ட்டில் ரிஷப் பந்த் வந்துவிட்டார்.

எட்டு பந்து

2018 மார்ச் 18-ந்தேதி ராத்திரியை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். கொழும்பு பிரேமதாசா மைதானம். வங்காளதேசத்துடன் இறுதிப் போட்டி. இந்தியாவுக்கு 167 ரன் இலக்கு.

நெல்லையில் பிறந்த விஜய் சங்கர் களத்தில் நிற்கிறார். முஸ்தாபிசுர் ரகுமான் வீசிய 18-வது ஓவரில் பந்து பேட்டில் படவே மாட்டேன் என்கிறது. அந்த ஓவரின் கடைசிப் பந்தில் மனிஷ் பாண்டேயும் அவுட். 12 பந்தில் 34 ரன் வேண்டும். முன்னாலேயே அனுப்பவில்லையே என்ற கடுப்போடு உட்கார்ந்திருந்த கார்த்திக் அப்போதுதான் இறங்கினார்.

ரூபல் உசேன் ஓவர். முதல் பந்து சிக்சர். இரண்டாவது பவுண்டரி. மூன்றாவது மறுபடி சிக்சர். அந்த ஓவரில் மட்டும் 22 ரன்!

கடைசி ஓவரில் 12 ரன் வேண்டும். ஐந்தாவது பந்தில் விஜய் சங்கர் கேட்ச் கொடுத்துவிட்டார். கடைசி பந்து. வேண்டியது 5 ரன். சவும்யா சர்க்கார் வெளியே வீசினார். எக்ஸ்ட்ரா கவர் பக்கம் தட்டையாக ஒரு அடி. பந்து கயிற்றைத் தாண்டி விழுந்தது. சிக்சர்! 8 பந்தில் 29 ரன்.

எதிர்முனையில் நின்றவர் வாஷிங்டன் சுந்தர். தொடர் நாயகன் விருது அவருக்குத்தான். கடைசி நேரத்தில் களத்தில் நின்ற மூன்று பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள்!

முதல் ஒருநாள் போட்டி ஆடி 15 வருடம் கழித்து, 2019-ல்தான் கார்த்திக் உலக கோப்பை ஆட்டம் ஒன்றில் கால் வைத்தார். 2007-ல் வெஸ்ட் இண்டீசுக்குப் போனபோது ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. 2019 அரை இறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 25 பந்தில் 6 ரன். அத்தோடு ஒருநாள் போட்டி முடிந்தது.

சந்தை விலை

வடசேரி கனகமூலம் சந்தையில் ஏத்தங்காய் விலை ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஐ.பி.எல். ஏலத்தில் கார்த்திக் விலையும் அப்படித்தான். 2014-ல் 12½ கோடி ரூபாய். அடுத்த வருடம் 10½ கோடி. அதற்கு அடுத்த வருடம் 2 கோடியே 30 லட்சம்! 2018-ல் 7 கோடியே 40 லட்சம். 2022-ல் 5½ கோடி.

டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூர், குஜராத், கொல்கத்தா என்று ஆறு அணி மாறினார். சொந்த ஊர் சென்னை அணிக்கு மட்டும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அங்கேதான் டோனி இருந்தாரே!

ஆனால் தமிழ்நாடு அணிக்கு அவர்தான் தூண். இருபது ஓவர் போட்டிகளுக்கான சையத் முஷ்டாக் அலி கோப்பையை 2021 ஜனவரியில் தமிழ்நாடு வென்றபோது அவர்தான் கேப்டன்.

அந்த வருடம் நடுவில் இங்கிலாந்தில் மைக் பிடித்து வர்ணனை செய்தார். கோட்டு சூட்டு போட்டு டி.வி.யில் நின்றவரைப் பார்த்து, இனி இவர் ஆடவா போகிறார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மனுஷன் விடவில்லை. 2022 ஐ.பி.எல்.லில் பெங்களூர் அணிக்காகக் கடைசி ஓவர்களில் இறங்கி 330 ரன். நூறு பந்துக்கு 183 ரன் வேகம்! 37 வயதில் மறுபடி இந்திய அணி. இருபது ஓவர் சர்வதேச போட்டியில் முதல் அரை சதம் அந்த ஜூனில் ராஜ்கோட்டில்தான். இந்தியாவின் முதல் இருபது ஓவர் போட்டியில் ஆடியவருக்கு, அரை சதத்துக்கு 15 வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த செப்டம்பர் 28-ந்தேதி குமரி மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்தார். திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானத்தில் தென்ஆப்பிரிக்காவுடன் போட்டி. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் எட்டிப்பிடிக்கிற தூரம். கார்த்திக் அணியில் இருந்தார். ஆனால் தென்ஆப்பிரிக்கா 106 ரன்தான் எடுத்தது. இந்தியா இரண்டே விக்கெட்டில் முடித்துவிட்டது. கார்த்திக்குப் பேட் எடுக்கும் வேலையே வரவில்லை. ரிஷப் பந்தும் அன்று அதே அணியில்!

அடுத்த மாதம் மெல்போர்னில் பாகிஸ்தான் ஆட்டம். 2 பந்தில் 2 ரன் வேண்டும். கார்த்திக் அடிக்கப் பார்த்தார், பந்து சிக்கவில்லை, ரிஸ்வான் ஸ்டம்பைத் தட்டிவிட்டார். வாகனை ஸ்டம்பிங் செய்து தொடங்கியவர், தானே ஸ்டம்பிங் ஆகித் தலையைக் குனிந்தபடி நடந்தார். நல்லவேளை, அடுத்து வந்தவர் அஸ்வின். வைடு போன பந்தைத் தொடாமல் விட்டு, கடைசி பந்தைத் தூக்கி அடித்துக் காப்பாற்றினார். நவம்பர் 2-ந்தேதி அடிலெய்டில் வங்காளதேசத்துடன் ஆடியதுதான் கார்த்திக்கின் கடைசி சர்வதேச போட்டி.

ஐ.பி.எல். மட்டும் இரண்டு வருடம் நீடித்தது. 2024 மே 22-ந்தேதி ஆமதாபாத்தில் ராஜஸ்தானிடம் பெங்களூர் தோற்றது. சக ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று கைதட்ட, கார்த்திக் கையுறையைக் கழற்றி ரசிகர்களை நோக்கித் தூக்கிக் காட்டினார். பத்து நாளில் ஓய்வு அறிவிப்பு.

அடுத்த மாதமே பெங்களூர் அணி அவரை பேட்டிங் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. இந்தத் தடவை நிரந்தர வேலை! 2025 ஜூன் 3-ந்தேதி, 18 வருடமாகக் கைக்கு வராத ஐ.பி.எல். கோப்பையை பெங்களூர் தூக்கியது.

அதற்கு ஒரு வாரம் முன்னால் லக்னோவில் 228 ரன் இலக்கைத் துரத்தும்போது அந்த அணியின் நான்கு விக்கெட் சரிந்திருந்தது. அப்போது நின்று 33 பந்தில் 85 ரன் அடித்து ஆட்டத்தை முடித்தவர் ஜிதேஷ் சர்மா. கார்த்திக் விட்டுப்போன இடத்துக்கு வந்த கீப்பர்.