பன்றியும் நாடாப்புழுவும்

பன்றி வளர்ப்பைப் பற்றிய பேச்சு மயிலாப்பூர்ச் சைவ உணவினருக்கு எதற்கு என நேயர்கள் சிலர் கேட்கலாம். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். ஒருநாள் என் வகுப்பில் மாணவன் ஒருவன் வலிப்புக் கண்டு விழுந்தான். அறியாமையால் அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தேன். இறைச்சியே உண்ணாத அவனது மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி இருப்பதாக மருத்துவர் கூறியபோது திகைத்தேன்.

இது எவ்வாறு நேர்கிறது? நன்கு வேகாத பன்றி இறைச்சியிலுள்ள புழுக்கட்டி, உண்டவர் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறும். அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் மீண்டும் கட்டிகள் தோன்றும். அதே முட்டைகள் கழுவாத கை வழியாகவோ கீரை வழியாகவோ மனிதர் வயிற்றை அடைந்தால், மூளைவரை சென்று வலிப்பை விளைவிக்கும். வேலூர் மாவட்டத்தில் நடைபெற்று 2006-இல் வெளியான ஆய்வில், வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் இந்நோய் காணப்பட்டது.

எனவே பன்றி வளர்ப்போரைப் பழிப்பது முறையன்று. பன்றிக்கு இந்நோயைத் தருபவன் மனிதனே. வீடுதோறும் கழிப்பறை வேண்டும். பன்றிகளைத் தெருவில் அலையவிடாது பட்டியில் வளர்த்தல் வேண்டும். அவற்றுக்கான தடுப்பூசி ஐதராபாத்திலேயே தயாராகிறது. இறைச்சியை உட்புறம் வரை வேகவைக்க வேண்டும். குடலில் புழு உடையோர் தயங்காது மருத்துவரை நாடுக. கீரையை நன்கு அலசுக. உண்ணுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இரும்பு வேண்டியதில்லை. அன்று எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.