எங்கே என்னும் வினா

ஒருவர் நோயுற்றால், ‘உடலுக்கு என்ன?’ என்று மருத்துவர் கேட்கிறார். ஒரு நகரத்தில் பலர் ஒரே காலத்தில் நோயுற்றால், ‘இவர்கள் எங்கே வாழ்கிறார்கள்?’ என்னும் வினாவும் உடன் எழுகிறது. அவ்வினாவுக்கு விடை தருவது நிலவரைபடம். அது மனித உயிர்களைக் காக்கும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

பிராட் தெரு அடிகுழாய்

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா நோய் பரவியது. பத்து நாள்களுக்குள் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று அக்காலத்தில் பெரும்பாலோர் நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அதனை ஏற்கவில்லை. காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்று அவர் 1849ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார்.

இறந்தோரின் முகவரிப் பட்டியலைப் பெற்ற ஸ்நோ, அத்தெருக்களில் நடந்து வீடுவீடாக விசாரித்தார். இறந்தோருள் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஓர் அடிகுழாய்க்கு அருகில் வாழ்ந்தவர்கள். செப்டம்பர் 7ஆம் நாள் அப்பகுதி நிருவாகக் குழுவினரிடம் அவர் இதனை எடுத்துரைத்தார். மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. மக்கள் பலர் முன்னரே வெளியேறிவிட்டமையால், நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்நோ மறைக்காமல் எழுதியுள்ளார்.

பின்னர்த் தாம் கண்டவற்றை அவர் வரைபடமாக்கினார். ஓர் இறப்புக்கு ஒரு கருங்கோடு என, இறந்தவர் வாழ்ந்த வீடு இருக்கும் இடத்திலேயே குறித்தார். கோடுகள் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றி நெருங்கி நின்றன; அகலச் செல்லச் செல்லக் குறைந்தன.

நெருக்கம் ஒன்றே போதிய சான்று ஆகாது. ஆகவே, வரைபடத்தோடு பொருந்தாத செய்திகளையும் ஸ்நோ ஆராய்ந்தார். அடிகுழாய்க்கு அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 5 பேரே காலராவால் இறந்தனர். அவ்வில்லத்திற்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவிலிருந்த ஆம்ப்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த ஒரு பெண்மணியோ காலராவால் இறந்தார். அவர் பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி, அதனை வண்டியில் வரவழைத்துப் பருகியவர். கெட்ட காற்று காரணமாயின், இல்லத்தார் பலர் மாண்டிருப்பர், அப்பெண்மணி பிழைத்திருப்பார். நீரே காரணம் என்னும் முடிவு இவ்வாறு உறுதிபெற்றது.

இன்றைய கருவிகள்

ஸ்நோ நடந்து அறிந்த முகவரியை இன்று கைப்பேசி நொடியில் அறிவிக்கிறது. வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு, கைப்பேசி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பைப் போல, நம் நாட்டின் இஸ்ரோ நிறுவனம் ‘நாவிக்’ என்னும் அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இவ்வாறு திரட்டிய இடக்குறிப்புகளைக் கணினியில் அடுக்கடுக்காகப் பொருத்திப் பார்ப்பதே புவியியல் தகவல் அமைப்பு. நோயுற்றோர் வீடுகள் ஓர் அடுக்கு. குடிநீர்க் குழாய்கள் மற்றோர் அடுக்கு. நீர் தேங்கும் இடங்கள் வேறோர் அடுக்கு. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவற்றின் தொடர்பு புலப்படும்.

டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே பறந்து திரியும். ஆகவே, ஒரு தெருவில் பலருக்கு டெங்கு கண்டால், கொசு பிறக்கும் இடமும் அருகிலேயே இருக்கக்கூடும். நகர் முழுவதும் மருந்து தெளித்துப் பயனில்லை. அத்தெருவின் ஏர்கூலர்கள், பழைய டயர்கள், மூடாத தொட்டிகள் ஆகியவற்றில் தேங்கிய நீரை அகற்றுவதே முதற்பணி. முட்டை கொசுவாக வளர ஒரு வாரத்திற்குமேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை நீரை வடித்து உலரவைத்தால் போதும்.

வரைபடத்தில் இல்லாதவர்கள்

வரைபடத்தில் இடம்பெறாத தெருவுக்குச் சுகாதாரப் பணியாளர் செல்வது அரிது. வேலை தேடி வேற்றூருக்கு வந்தவர்களே பெரும்பாலும் இவ்வாறு விடுபடுகின்றனர். பெற்றோரின் பணி நிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

போலியோ ஒழிப்புப் பணி இக்குறையை உணர்ந்து செயல்பட்டது. செங்கற்சூளைகள், கட்டடம் எழும் இடங்கள், நாடோடிகளின் கூடாரங்கள் ஆகியவற்றையும் பணியாளர்கள் தேடிக் கண்டறிந்து, தம் வரைபடங்களில் சேர்த்தனர். சொட்டு மருந்து அளித்த வீட்டில் ‘பி’ என்றும், குழந்தை விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’ என்றும் குறித்து, விடுபட்ட வீடுகளுக்கு மீண்டும் சென்றனர். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி 2011ஆம் ஆண்டு ஜனவரியில் ஹவுரா மாவட்டக் குழந்தை ஒன்றை இறுதியாகத் தாக்கியது. நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது என 2014 மார்ச்சு 27 அன்று சான்றளிக்கப்பட்டது.

காக்க வேண்டிய எல்லை

நோயாளியின் வீட்டை ஊரார் அறியக் காட்டும் வரைபடம் தீங்கும் விளைவிக்கும். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது, சில இடங்களில் நோயுற்றோர் வீட்டு வாயிலில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. உரிய அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டுதல் கூடாது என உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் கூறியது. ஒதுக்கப்படுவோமோ என்னும் அச்சம் இருந்தால், மக்கள் நோயை மறைப்பர். மறைத்த நோய் வரைபடத்தில் தோன்றாது. தோன்றாத நோயைத் தடுக்கவும் இயலாது. எனவே, வீட்டு எண்ணை மருத்துவப் பணியாளர் மட்டும் அறிய வேண்டும். பொதுமக்களுக்குப் பகுதியின் பெயரை அறிவித்தலே போதும்.

சொற்பொருள்

மாண்டனர் – இறந்தனர்
நிமித்தம் – பொருட்டு
புலப்படும் – தெரியவரும்

வினாக்கள்

1. ஆம்ப்ஸ்டெட் பெண்மணியின் இறப்பு ஸ்நோவின் கருத்துக்கு எவ்வாறு சான்றாயிற்று?
2. டெங்கு கண்ட தெருவில் முதலில் செய்ய வேண்டிய பணி யாது? ஏன்?
3. வரைபடத்தில் யாவரும் இடம்பெற வேண்டும். நோயாளியின் வீடு வெளிப்படவும் கூடாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணா? உம் கருத்தை எழுதுக.

செயல்பாடு

உம் குடியிருப்பின் வரைபடம் ஒன்றை வரைக. குடிநீர்க் குழாய், குப்பைத்தொட்டி, நீர் தேங்கும் இடம், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றை வெவ்வேறு வண்ணங்களில் குறித்து, அதனால் அறியும் செய்தியை ஐந்து தொடர்களில் எழுதுக.