கீறலை மறைக்கப் போய்…

கொரோனா காலத்தில் வயலினுக்குப் புதிதாக ஓர் எதிரி முளைத்தது: சானிடைசர். அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால். வயலின் வார்னிஷ்களில் பல, ஆல்கஹாலில் கரைத்துப் பூசிய அரக்கும் பிசினும்தான். எதில் கரைந்ததோ அது மறுபடி பட்டால் மறுபடி கரையும். கை காயுமுன் வயலினைத் தொட்டவர்களுக்கு வார்னிஷ் பிசுபிசுத்து விரல் ரேகை பதிந்தது.

இசைக்கருவியில் சின்னக் கீறல் விழுந்ததும் வீட்டு அலமாரியைத் திறப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. மேலே பூசியிருப்பது என்னவென்று தெரியாமல் எந்தப் புட்டியையும் திறக்கக் கூடாது.

நெயில் பாலிஷையே எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியச் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ். பழைய அமெரிக்க கிட்டார்கள் பலவற்றின் லாக்கரும் அதே. அதனால் அந்த லாக்கர் சில்லு பெயர்ந்த இடத்தில் நிறமற்ற நெயில் பாலிஷ் ஓரளவு கலந்து ஒட்டும். இந்தக் கைவைத்தியம் பரவியதற்கு அதுவே காரணம். ஆனால் இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை பாலியூரித்தேனோ பாலியெஸ்டரோ பூசியவை. அவற்றின் மேல் அது வெறுமனே படிந்து, நாளடைவில் உரிந்து வரும். வயலினிலோ நெயில் பாலிஷின் கரைப்பான்கள் வார்னிஷையே இளக்கிவிடும். பார்க்க நன்றாக இல்லையே என்று ரிமூவரை எடுத்தால் தீர்ந்தது கதை. அதிலுள்ள அசிட்டோன் லாக்கரையும் வார்னிஷையும் கரைக்கும், செல்லுலாய்டு ஓரப்பட்டையையும் விடாது.

சூப்பர் க்ளூவின் கதை இன்னும் சிக்கல். பாலியெஸ்டர் பூச்சில் விழுந்த குழியை நிரப்ப, கிட்டார் பழுதுபார்ப்பவர்களே அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இறுகியபின் தேய்த்துச் சமன் செய்வதுண்டு. அதைப் பார்த்து வீட்டில் செய்பவர், வழிந்ததைப் பஞ்சால் துடைக்கப் போவார். பருத்தியில் பட்டதும் அந்தப் பசை சூடு கக்கி இறுகும். புகை வரும், விரல் வெந்துவிடவும் கூடும். வயலின் வெடிப்பில் அதை விடுவது அதைவிட மோசம். வயலின் பலகைகளை வஜ்ஜிரத்தால் ஒட்டுவதே, பின்னாளில் ஈரமும் சூடும் காட்டிப் பிரித்துச் சரிசெய்யத்தான். சூப்பர் க்ளூ இறங்கிய மரத்தில் அந்த வழி அடைபட்டுப் போகும்.

வீணைக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அதன் 24 மெட்டுகளும் கறுத்த மெழுகில் பதிந்து நிற்பவை. பிசுக்கைப் போக்கலாம் என்று மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்டுத் துடைத்தால் மெழுகு இளகும். ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுரம் பிசகும். மறுபடி மெட்டு வைப்பது கைதேர்ந்தவர் செய்யவேண்டிய வேலை, செலவும் அதற்கேற்ப.

தேங்காயெண்ணெய் காயவே காயாது, தூசியைச் சேர்க்கும். சிலிக்கோன் கலந்த மேசை பாலிஷ் பளபளக்கும். பிற்பாடு அதன்மேல் பூசும் எந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது.

அப்படியானால் வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா? வாசித்து முடித்ததும் உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ரோசின் தூளையும் வியர்வையையும் துடைக்கலாம். பளபளப்பான பாலியெஸ்டர் கிட்டாரில் மெல்லிய கீறலைப் பற்பசை கொஞ்சம் மங்கச் செய்யும். மேட் பூச்சில் அதே பற்பசை ஒரு பளபளத் திட்டை உண்டாக்கும். வயலின் வார்னிஷையோ அரித்துத் தின்னும்.

இனி சட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவுப்படி, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அதனால் நேர்ந்த சேதத்துக்கு விற்றவர்மீது பொறுப்பு சுமத்த முடியாது. நகத்துக்கு வாங்கியதை வயலினுக்குப் பூசியவர் நஷ்டத்தைத் தானே சுமக்க வேண்டியதுதான். வீட்டுவைத்தியம் பார்த்த கருவிக்கு உத்தரவாதமும் கைநழுவக்கூடும்.

கூலி வாங்கிக்கொண்டு பழுதுபார்ப்பவர் கெடுத்தால் நிலைமை வேறு. அது சேவைக் குறைபாடு. கருவியைக் கொடுக்குமுன் எல்லாப் பக்கமும் படமெடுத்து, என்ன பூச்சு, என்ன வேலை என்று ரசீதில் எழுதி வாங்கினால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது. தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள், தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணம் கிடையாது. கச்சேரி வாசித்துச் சம்பாதிப்பவரை ‘நீங்கள் நுகர்வோர் அல்ல, வணிகத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள்’ என்று கடைக்காரர் மடக்கப் பார்ப்பார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்தின் 2(7) பிரிவிலுள்ள விளக்கமே சொல்கிறது.