ஒன்பது மாசத்தை ஹேக் பண்ண ஏலாது

2022-23 சீசனில் ஆர்சனல் பெண்கள் அணியில் நாலு பேர் ஒரே காயத்தால் வெளியே போனார்கள்: பெத் மீட், விவியன் மீடெமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ரோய்தர். நாலு பேருக்கும் ஏசிஎல். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கே இழுத்துப் பிடிச்சிருக்கிற லிகமெண்ட் அது. வில்லியம்சனுக்கு அறுந்தது 2023 ஏப்ரலில். இங்கிலாந்து கேப்டன், ஆனாலும் அந்த வருச உலகக் கோப்பை போச்சு. திரும்பி விளையாடியது 2024 ஜனவரியில். மீடுக்கு 11 மாசம். நல்ல டாக்டர், தினமும் பிசியோ எல்லாம் இருந்தும் இவ்வளவு காலம் ஏன்?

ஆபரேஷன் காரணம் இல்லை. கீஹோல் வழியாக எலும்பு ரெண்டிலும் துளை போட்டு, உங்கட தொடையின் பின்பக்கத்திலோ முழங்கால் சிரட்டைக்குக் கீழேயோ எடுத்த தசைநாணை அதுக்குள்ளால இழுத்து, ஸ்க்ரூவோ பட்டனோ போட்டு இறுக்குவினம். கனபேர் அண்டைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.

ஆனால் உள்ளே வைச்சது லிகமெண்ட் இல்லை, தசையை எலும்போடு கட்டுகிற நாண். வெட்டி எடுத்தவுடன் அதுக்கு ரத்த ஓட்டம் நின்று, செல்கள் சாகுது. பிறகு புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, உடம்பு அதை மெதுவாக லிகமெண்டாக மாத்துது. இடையில், முதல் சில மாசங்களில், அது வைச்ச நாளைவிடப் பலவீனமாகுது. வீக்கம் வத்தி, வலி போய், "நான் ஓகே" எண்டு நினைக்கிறதும் அதே நேரத்தில்தான்!

குறுக்கு வழி தேடாமல் இல்லை. 1980களில் கோர்டெக்ஸ், கார்பன் ஃபைபர், டாக்ரான் எல்லாம் வைச்சுப் பார்த்தார்கள். நூல் தேய்ந்து, துகள் மூட்டுக்குள் உதிர்ந்து, வீக்கம் வந்தது. பெரும்பாலும் கைவிட்டாச்சு.

இப்போதைய உருப்படியான முன்னேற்றம் ரொம்ப எளிமையானது: முழங்காலின் வெளிப்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டி போட்டுத் தைக்கிறது. 25 வயதுக்கு மேற்படாத 618 பேரை வைச்சு 2020இல் வெளியான ஆய்வில், ரெண்டு வருசத்துக்குள் புது லிகமெண்ட் அறுந்தது பட்டி இல்லாதவர்களில் 11%, இருந்தவர்களில் 4%. உங்கட வயசுதான், டாக்டரிட்டக் கேளுங்கோ.

எல்லாருக்கும் கத்தி வேணுமா எண்டது வேற கேள்வி. 316 பேரோடு பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட காயத்துக்கு ஆபரேஷன் குழுவின் முழங்கால்தான் சராசரியில் மேல். ஆனாலும் பிசியோவோடு தொடங்கியவர்களில் 41% பேர்தான் ஒன்றரை வருசத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள்.

ஆபரேஷன் செய்தால் எப்ப திரும்பலாம்? 2016இல் ஓஸ்லோ ஆய்வாளர்கள் சொன்னது: ஒன்பதாம் மாசம் வரைக்கும், தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி காயப்படுகிற வீதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையுது. நாள்காட்டி மட்டும் போதாது. தொடைத் தசைக்கு மற்றக் காலின் பலத்தில் 90% ஆவது வரவேணும்.

ஆறாம் மாசம் டீம் வாட்ஸ்அப்பில் "மச்சான், ஞாயிறு வாறியா?" எண்டு வந்தால், கொடி பிடிக்க வாறன் எண்டு போடுங்கோ.