மார்கழிக் கிரகணத்தை எல்லோரும் பார்க்கலாம்

2028 டிசம்பர் 31. புத்தாண்டுக்கு முந்தைய அந்த இரவில் தமிழ்நாடு முழுவதும் முழுச் சந்திர கிரகணம் தெரியும். சுமார் 8.40 மணிக்கு நிலவின் ஓரத்தில் நிழல் படரத் தொடங்கும். 9.45-ஐ ஒட்டி நிலவு முழுவதும் நிழலுக்குள் போய், 71 நிமிடங்கள் செம்பு நிறத்தில் நிற்கும். நிழல் முழுதாக விலகும்போது பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும்.

பௌர்ணமி வெளிச்சத்தில் காணாமல் போகும் விண்மீன்கள் அந்த 71 நிமிடங்களில் வெளிப்படும். கார்த்திகைக் கூட்டமும் ரோகிணியும் உச்சியை ஒட்டி இருக்கும். அவற்றுக்குக் கிழக்கே மிருகசீரிடம், சிவந்த திருவாதிரை, இன்னும் கிழக்கே சிவந்த நிலவு. சாதாரண பைனாகுலர் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. வெறும் கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். சிறப்புக் கண்ணாடி தேவைப்படுவது சூரிய கிரகணத்துக்குத்தான்.

கிரகணம் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. அதன் பெயரால் நாம் செய்வதுதான் கெடுதல். கர்ப்பிணியை அறைக்குள் அடைத்து, சாப்பாடும் தண்ணீரும் தராமல் மணிக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்ற பயம். கருவின் உதடு கர்ப்பத்தின் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையிலேயே உருவாகிவிடுகிறது. ஏழு மாதக் கர்ப்பிணியைப் பூட்டி வைத்து எதைத் தடுக்கப்போகிறோம்? பரம்பரை, புகைப்பழக்கம், சில வலிப்பு மருந்துகள் போன்றவைதான் பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை. வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். பிளவோடு பிறந்த குழந்தைக்கு அரசின் ஆர்பிஎஸ்கே குழந்தைநலத் திட்டத்தில் இலவச சிகிச்சை கிடைக்கும்.

ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் குற்றம். ஆனால் எடுத்த எடுப்பில் சட்டம் பேச வேண்டாம். ஒரு வாரம் முன்பே மாமியாரையும் அழைத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரிடம் போங்கள். நாம் சொன்னால் எடுபடாதது அவர் சொன்னால் எடுபடும். மிரட்டலோ அடியோ இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ ரத்தப்போக்கு இருந்தாலோ கிரகணம் விடும்வரை காத்திருக்காமல் உடனே 108.

சர்க்கரை நோயாளிகளும் அன்று பட்டினி கிடக்கக் கூடாது. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது உயிருக்கே ஆபத்து. குழந்தைகளும் இந்த நம்பிக்கைகளுக்குத் தப்பவில்லை. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, கர்நாடகத்தின் கலபுரகி அருகே, ஊனம் குணமாகும் என்று நம்பி மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தார்கள். அப்படி எதையாவது கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

எங்கிருந்து பார்ப்பது? மொட்டைமாடியே போதும். பத்து மணிக்கு நிலவு கிழக்கில் நன்றாக உயர்ந்திருக்கும், கட்டடங்கள் மறைக்காது. அடுக்ககங்களில் மொட்டைமாடி பெரும்பாலும் எல்லோருக்கும் உரிய பொதுப்பகுதி. பூட்டி வைத்திருந்தால் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். அண்ணாந்தபடி பின்னால் நகர்கிறவர்கள் விளிம்பைக் கவனிப்பதில்லை.

இருட்டைத் தேடிக் காட்டுக்குள் போவது வேறு விஷயம். சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யானை நடமாடும் இடத்தில் உயிருக்கும் உத்தரவாதமில்லை. அன்று புத்தாண்டு இரவு வேறு. குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் சாலையில் இருப்பார்கள். ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோட்டமோ வயலோ இருந்தால் மாலையிலேயே போய்ச் சேர்ந்து, விடிந்தபின் திரும்புவது நல்லது.

டிசம்பர் கிரகணத்துக்கு முன், 2028 ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதிச் சந்திர கிரகணம் நமக்குத் தெரியும். மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது, வீட்டில் யார் மறுக்கிறார்கள் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். டிசம்பர் 31-க்குள் பேசித் தீர்க்க ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது.