அதே மாப்பிள்ளை... அதே பொண்ணு!

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயில். நல்ல முகூர்த்த நாளென்றால் ஒரே நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். எந்த மாப்பிள்ளை எந்த கோஷ்டி என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் மொய்க் கவரோடு அலைவார்கள்.

அங்கே ஜாம்ஜாமென்று தாலி கட்டிய ஜோடிகளில் சில பேர், நாலைந்து வருஷம் கழித்து இதே கடலூரில் கோர்ட் படி ஏறுகிறார்கள். ஆளுக்கொரு வக்கீல். ஆளுக்கொரு பெஞ்ச். நடுவில் ஒரு குழந்தை மட்டும் அந்த பெஞ்சுக்கும் இந்த பெஞ்சுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு வாய்தா தெரியாது, ஜீவனாம்சம் தெரியாது. அப்பா வாங்கி வந்த பிஸ்கட்டில் பாதியைக் கொண்டு போய் அம்மாவிடம் கொடுக்கும்.

‘சனிக்கிழமை அப்பா’க்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஆபீசிலேயே ஒருவர் இருக்கலாம். வாரம் பூரா டைப் அடித்து, ஃபைல் தள்ளி, சனிக்கிழமை மட்டும் ஷேவ் பண்ணிக்கொண்டு கிளம்புவார். பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவள் அவருடைய பழைய மனைவி. “சளி பிடிச்சிருக்கு, ஐஸ்க்ரீம் வேணாம்” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த நாலு வார்த்தைக்காகவும் சேர்த்துத்தான் மனுஷன் ஷேவ் பண்ணினாரோ என்று நமக்குச் சந்தேகம் வரும். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த மாதிரி கேஸில் மறுபடி சேர முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் நாம் நினைப்பதைவிட ஈரமுள்ளது சார். 1955-ம் வருட இந்து திருமணச் சட்டத்தில், பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து கேட்கும் 13-பி பிரிவு 1976-ல்தான் சேர்ந்தது. ஒரு வருஷமாவது பிரிந்திருந்தால்தான் மனுவே போடலாம். போட்ட பிறகும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ‘ஆறப் போடு’ என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் பார்லிமென்ட்டும் சொல்கிறது! சேரவே வழியில்லை என்று தெரிந்தால் கோர்ட் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் ஒருவர் மனசு மாறி “எனக்குச் சம்மதமில்லை” என்றால், அந்த மனுவின் மேல் விவாகரத்து கிடையாது.

சரி, தீர்ப்பே வந்துவிட்டது. அப்புறம்? அப்பீல் கெடு முடிந்ததும் யாரும் மறுமணம் செய்யலாம். ‘யாரும்’ என்றால் அதே மாப்பிள்ளை, அதே பொண்ணும்தான்! ஆனால் பழைய தாலி செல்லாது. தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குடித்தனம் ஆரம்பித்தால் சட்டப்படி அது கல்யாணமில்லை. புதிதாகத் தாலி கட்டி, 2009-ல் வந்த தமிழ்நாடு சட்டப்படி புதிதாகப் பதிவும் செய்யவேண்டும்.

ஹாலிவுட்டில் இது நடந்திருக்கிறது. எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1974-ல் விவாகரத்து வாங்கி, 1975-ல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருஷமே மறுபடி விவாகரத்து! ஆனால் நடாலி வுட்டும் ராபர்ட் வாக்னரும் 1962-ல் பிரிந்து, 1972-ல் இரண்டாம் முறை மணந்து, 1981-ல் அந்தம்மா இறக்கும்வரை பிரியவில்லை. ஆக, இதற்கு கேரண்டி கார்டு கிடையாது.

சேர்த்து வைக்க வருகிற பெரியவர்கள் எடுத்ததும் சொல்வது, “குழந்தைக்காகவாவது சேர்ந்து வாழுங்கப்பா!” எனக்கு இந்த ‘வாவது’தான் பிடிக்கவில்லை. பாவம், மூணு வயசுக் குழந்தை... அதன் தலையில் இவ்வளவு பெரிய மூட்டையா?

நளன் கதையைப் பாருங்கள். காட்டில் தூங்குகிற மனைவியை விட்டுவிட்டுப் போனவன் அவன். உருவம் மாறி, சமையல்காரனாகத் திரும்பி வருகிறான். தமயந்திக்குச் சந்தேகம். இரண்டு பிள்ளைகளையும் அவனிடம் அனுப்பி வைக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்ததும் அவன் அழுதுவிடுகிறான். ஆளைக் காட்டிக்கொடுத்தது பிள்ளைகள்தான். ஆனால் அதோடு அவள் கதவைத் திறந்துவிடவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, ‘ஏன் விட்டுப் போனாய்?’ என்று கேட்டாள். அவனும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிள்ளையே இல்லாத ஒரு ஜோடி கதையும் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. கடலூரிலிருந்து தெற்கே பஸ் பிடித்தால் சிதம்பரம். பெரிய புராணத்தில் வரும் திருநீலகண்ட நாயனாரின் ஊர். குயவர். அடியார்களுக்கு இலவசமாகத் திருவோடு கொடுத்தவர். ஒருநாள் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். மனைவி அவர்மேல் பானையை எறியவில்லை. வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை என்றாலும்! ‘எங்களைத் தொடக்கூடாது’ என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். ‘என்னை’ அல்ல, ‘எங்களை’. அந்தப் பன்மையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பெண்ணையும் மனசாலும் தொடுவதில்லை என்று இவர் முடிவெடுத்தார். அவள் சமைத்தாள், பரிமாறினாள். இவர் சக்கரம் சுற்றினார். ஒரே கூரைக்குக் கீழே, ஊருக்குத் தெரியாமல், கிழவன் கிழவி ஆகும்வரை!

சிவன் யோகியாக வருகிறார். ஒரு ஓட்டைக் கொடுத்து வைக்கிறார். அதைத் தானே மறைத்துவிட்டு, “நீ திருடவில்லை என்றால் உன் மகன் கையைப் பிடித்துக் குளத்தில் முழுகு” என்கிறார். “எனக்கு மகன் இல்லையே” என்கிறார் நாயனார். “அப்படியானால் மனைவி கையைப் பிடி!”

இந்த இடத்தில் நான் எப்போதும் சேக்கிழாரை நினைத்து அசந்து போவேன். மகன் இருந்திருந்தால் அன்றைக்கு அவன் கையைப் பிடித்து முழுகி, ஓட்டுப் பிரச்னையை முடித்திருப்பார். வீட்டுப் பிரச்னை அப்படியே இருந்திருக்கும். மறைந்துகொள்ளப் பிள்ளை இல்லாததால் குளக்கரையில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு மூங்கில் கழியின் இரு நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். யோகி விடவில்லை. கடைசியில், இத்தனை வருஷம் பூட்டி வைத்த சங்கதியை எல்லார் முன்னாலும் உடைத்துச் சொன்னார். அதற்கப்புறம்தான் முழுகியதும் இளமையும்! சிதம்பரத்தில் அந்தக் கோயிலுக்கு இளமையாக்கினார் கோயில் என்றே பெயர். குளமும் இருக்கிறது.

கழியின் நுனியில் நிற்கிற ஜோடிகள் இன்றைக்கும் நிறைய. அவர்களுக்குக் கழி என்பது குழந்தை. “ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா?” “கட்டியாச்சு.” எல்லாப் பேச்சும் அதன் வழியாகத்தான். “அன்னிக்கு உங்கம்மா எதிர்ல என்னை அப்படிப் பேசினீங்களே” என்கிற வார்த்தை மட்டும் வெளியே வராது.

மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஒருவருக்கு இந்த விஷயம் நன்றாகப் பிடிபட்டிருந்தது. ஜெயகாந்தன்தான்! ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ நாவலில் கல்யாணியும் ரங்காவும் சண்டை சச்சரவில்லாமல், நாகரிகமாகப் பிரிகிறார்கள். வக்கீல் வரை போகிறது. பிறகு அவள் நோயில் விழும்போது அவன் வந்து சேர்கிறான். 1978-ல் பீம்சிங் படமாக எடுத்தார், லட்சுமி, ஸ்ரீகாந்த். பழைய படம்தானே என்று நினைக்காமல் பாருங்கள். சனிக்கிழமை அப்பாக்கள் கட்டாயம் பார்க்கலாம்.

அதற்குப் பிறகும் தைரியம் வந்து, பேசவேண்டியதைப் பேசி, திருவந்திபுரத்துக்கே மறுபடி மாலை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. “உங்க கல்யாண ஃபோட்டோவுல நான் ஏன் இல்லே?” என்று எல்லா வீட்டிலும் குழந்தைகள் ஒருநாள் அழும். இவர்கள் வீட்டு ஆல்பத்தில் அது முதல் வரிசையில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மடியிலேயே உட்கார்ந்திருக்கும்!