பலகையில் சறுக்கும் நூல் மூட்டை

திருப்பூரில் நூல் டெம்போ நிற்காத தெரு கிடையாது. டெம்போவிலிருந்து தரைக்கு ஒரு பலகையைச் சாய்த்து, மேலே ஒருவர் மூட்டையைத் தள்ள, கீழே ஒருவர் பிடிப்பார். என் அப்பாவும் லோடுமேன்தான். கீழே நின்று பிடிப்பவர். எனவே இந்தக் கணக்கு எனக்குப் பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல.

மூட்டையின் எடையில் ஒரு பங்கு பலகையை அழுத்தும், இன்னொரு பங்கு கீழே இழுக்கும். பலகையை நிமிர்த்த நிமிர்த்த அழுத்தம் குறையும், இழுப்பு கூடும். உராய்வோ அழுத்தத்தைப் பொறுத்தது. எனவே ஓரளவு சாய்வு வரை மூட்டை அசையாது, தாண்டினால் கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு உராய்வு இன்னும் கொஞ்சம் குறையும். அடம்பிடித்த மூட்டை நகர்ந்ததும் சர்ரென்று வருவது இதனால்தான்.

வேகம் கூடக்கூட உராய்வும் கூடி மூட்டையை அடக்கிவிடாதா? அடக்காது. கூலோம் என்ற பிரெஞ்சு இன்ஜினியர், 1781-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசு பெற்ற ஆய்விலேயே இதைச் சோதித்திருக்கிறார். உலர்ந்த பரப்புகளில் உராய்வு வேகத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. (காற்றின் தடை வேறு விஷயம், அது வேகத்தோடு கூடும், 2 மீட்டர் பலகையில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.) ஆகவே மூட்டை கடைசி வரை வேகம் கூடிக்கொண்டேதான் வரும்.

டெம்போ தளம் 1 மீட்டர் உயரம், பலகை 2 மீட்டர் நீளம் என்று வைப்போம். சாய்வு 30 டிகிரி. உராய்வுக் குணகம் 0.3 என்றால் முடுக்கம் சுமார் 2.35 மீ/வி². அடியில் வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். மேலிருந்து கீழே வர 1.3 வினாடிதான்!

"கனமான மூட்டைதான் கண்ணு வேகமா வரும்" என்பார் அப்பா. கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. 30 கிலோவும் 60 கிலோவும் ஒரே வேகம்தான். ஆனால் அதே வேகத்தில் வரும் 60 கிலோவை நிறுத்த இரண்டு மடங்கு விசை வேண்டும். அவர் முழங்கால் சொல்வது அதைத்தான். அந்த வகையில் அப்பா சொன்னதும் சரிதான்.

இனி முக்கியமான விஷயம். உராய்வே இல்லாவிட்டால், பலகை எவ்வளவு நீளமானாலும் அடியில் வேகம் ஒன்றுதான்: வினாடிக்கு 4.4 மீட்டர். உயரம் மட்டுமே கணக்கு. உராய்வு இருப்பதால்தான் நீளத்துக்கு மதிப்பு. அதே டெம்போவுக்கு 3 மீட்டர் பலகை போட்டால் வேகம் 1.7 மீட்டராக இறங்கிவிடும், ஏறக்குறைய பாதி. மேலே நிற்பவர் ஒரு தள்ளு தள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 4 மீட்டர் போட்டால் மூட்டை தானாகச் சறுக்கவே சறுக்காது.

உங்கள் தெருப் பலகைக்குக் குணகம் எவ்வளவு? ஒரு டேப் போதும். மூட்டையை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். லேசாகத் தட்டிவிட்டால் வேகம் கூடாமலும் நிற்காமலும் ஒரே சீராக இறங்கும் சாய்வைப் பிடியுங்கள். அப்போது அந்த முனையின் உயரத்தைத் தரைநீளத்தால் வகுத்தால் வருவதே இயக்க உராய்வுக் குணகம். சணல் சாக்குக்கும் பிளாஸ்டிக் சாக்குக்கும் தனித்தனியாகப் பாருங்கள். வழவழப்பான சாக்குக்கு இன்னும் நீளமான பலகை தேவைப்படும்.